மாடி ஏறிய நாலு செப்பு டப்பா

அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் தலைவருக்கு எதையும் எழுந்து நின்று சொல்லித்தான் பழக்கம். கேட்பவள் ஒரே ஒருத்தி, அதுவும் மனைவியின் தங்கை என்றாலும் சரி.

"டூப்ளெக்சர்ங்கறது, தூரத்துக் குரலை வாங்கித் திருப்பி அனுப்பற ரிப்பீட்டரோட இதயம்," என்றார்.

"காதுக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு சுவரு, அத்தான்," என்றாள் ஏசி மெக்கானிக்கான அந்த மைத்துனி. "ரெண்டுக்கும் ஒரே ஆன்டெனா. நாம கத்தறது நம்ம காதையே அடைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

இதயம் சுவரானது தலைவருக்குப் பிடிக்கவில்லை. அவர் வரவழைத்த டூப்ளெக்சர் டிபன் டப்பா அளவுதான். விவரத்தாள் மட்டும் பன்னிரண்டு பக்கம். டப்பாமேல் பதிக்க, தன் பேர் பொறித்த பித்தளைப் பலகைகூட அடித்தாகிவிட்டது. அவளுடையதோ, பிரித்துப் போட்ட ஏசி பிளான்ட்டின் செப்புக் குழாயை வெட்டி, ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேசிங்கில் பற்றவைத்து எழுப்பிய நாலு டப்பா. ஒவ்வொன்றும் இடுப்பு உயரம்.

சங்க அறைச் சோதனையில் டிபன் டப்பாதான் ஜெயித்தது. "இது எடைக்குப் போட நல்லா இருக்கும்," என்று தலைவர் செப்பைத் தட்டினார். சங்கமே சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

"மாடில ஒரு தடவை வெச்சுப் பாத்துருவோம். அங்கயும் தோத்தா நானே எடைக்குப் போட்டுடறேன்."

ஒன்பதாவது மாடிக்கு மேல் மொட்டை மாடி. ரிப்பீட்டருக்கு நாலடி தள்ளி ஒரு டாக்ஸி கம்பெனியின் ஆன்டெனாவும் பெட்டியும். சோதனைக் குரல் கொடுக்க, லைசென்ஸ் வாங்கிய அக்கா ஊர்க்கோடி ரயில்வே கேட்டில் வாக்கி-டாக்கியோடு நின்றாள்.

முதலில் டிபன் டப்பா. அக்கா கணீரென்று வந்தாள். "வெயில் மண்டையப் பொளக்குது. உங்க அத்தானுக்கு வேற ஆளே கெடைக்கலையா? சரி, எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, மூ..."

சட்டென்று நின்றது.

தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பாத்தியா, என்ன ஒரு அமைதி. ஒரு பொட்டு இரைச்சல் இருக்கா?"

"அக்காவாவது, தானா நிறுத்தறதாவது." டாக்ஸிப் பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினாள். "அவன் பேசறான். நம்ம கத்தலைத்தான் இது தடுக்கும். அடுத்த வீட்டுக்காரன் கத்தினா காது அடைச்சுப் போகுது. சங்க ரூம்ல டாக்ஸி கம்பெனி இல்லையே, அத்தான்."

விளக்கு அணைந்தது. "...இருபத்தி மூணு, இருபத்தி நாலு," என்றாள் அக்கா.

செப்பு டப்பாக்களை மாட்டி, மீட்டரைப் பார்த்தபடி ஒவ்வொரு திருகையும் நகக்கண் அளவுக்குத் திருப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்கா நிற்கவில்லை. "முன்னூத்தி ஏழு. வீட்டுக்கு வரட்டும் அந்த மனுஷன். முன்னூத்தி எட்டு..."

விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. அக்காவின் திட்டில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அக்காவின் பேச்சு அவளுக்கு இத்தனை இனித்ததே இல்லை.

"பெருசாத்தான் வேணும்னு நான் அப்பவே நெனச்சேன்," என்றார் தலைவர். பித்தளைப் பலகையை எடுத்து வந்து செப்பில் வைத்துப் பார்த்தார். "நாலு ஓட்டை போடலாமா?"

"போட்டா டியூன் போயிடும்."

பலகையைக் கைப்பிடிச் சுவரோரக் குழாயில் கம்பியால் கட்டினார்கள்.

எந்த ஏசியைப் பழுது பார்த்தாலும் மார்க்கரால் தேதி எழுதுவது அவள் வழக்கம். இன்றும் செப்பு டப்பாவில் எழுதினாள். பிறகு, எந்த ஏசியிலும் எழுதாத தன் கால்சைனை, லைசென்ஸோடு வந்த ரேடியோப் பெயரை, அதன் கீழே எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.