நீல உள்ளங்கால்கள்

மனமகிழ் மன்ற நீச்சல் குளத்தின் தரையில் இருக்க வேண்டிய நீலம், நீந்துகிறவர்களின் உள்ளங்காலுக்குக் குடியேறிக்கொண்டிருந்தது. உறுப்பினர் ஒருவர் வீட்டு வெள்ளை சோபாவரை அது போய்விட்டதால், மன்றச் செயலாளர் விசாரணைக் குழு அமைத்தார். குழுவுக்குத் தலைவர் அவர். குழுவின் ஒரே உறுப்பினர் அவருடைய மைத்துனர். எதிர்க்கருத்துக்கு நாற்காலி போடவில்லை.

குற்றவாளியும் தயார். இரண்டு மாதத்துக்கு முன் குளத்துக்கு வர்ணம் அடித்த பெயிண்டர். முப்பது வருடத்தில் நாற்பது குளம் அடித்தவர்; ஒன்றுகூட உரிந்ததில்லை. "குளம்னா அவரைக் கூப்பிடு" என்ற பேச்சைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது.

பெயிண்டர் படியில் இறங்கி, கறுப்புத் துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தார். தண்ணீருக்குக் கீழே துடைத்த இடத்தில் துணி முழுக்க நீலப் பொடி. தண்ணீர் தொடாத மேல் ஒரு சாணில், அதே டப்பா, அதே பிரஷ், அதே நாள் அடித்த பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது.

பெயிண்ட் கெட்டிருந்தால் மேலேயும் கெட்டிருக்கும். ஆசிட் மிஞ்சிய தண்ணீர்தான் பெயிண்டை இப்படி அரித்துப் பொடியாக்கும். குளோரினும் அளவு மீறினால் கேட்கவே வேண்டாம்.

எதிர்க் கரையில், கம்பு வலையால் சருகு அள்ளிக்கொண்டிருந்தார் தண்ணீரைக் கவனிக்கும் ஆள். பெயிண்டரின் தங்கை கணவர். ஏழு வேலைகள் அவரைக் கைவிட்டிருந்தன. எட்டாவதான இதில் பெயிண்டர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். தங்கை நிம்மதியாகத் தூங்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.

பெயிண்டர் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "மாப்ளே, ஆசிட் எவ்வளவு ஊத்துறீங்க?"

"அளவெல்லாம் இல்ல மச்சான். தண்ணி பளபளன்னு இருக்கணும், கேட்டுலயே குளோரின் வாசனை அடிக்கணும்னு செயலாளர் ஐயா உத்தரவு. ரெண்டையும் தாராளமாத்தான் விடுறேன்."

"தண்ணிய சோதிக்கிற பெட்டி இருந்துச்சே?"

"அது ஷோகேஸ்ல, கோப்பைங்களோட இருக்கு. சாவி ஐயாகிட்ட. விருந்தாளி வந்தா எடுத்துக் காட்டுவாரு."

"அங்க என்ன குடும்ப மாநாடு?" செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "பெயிண்ட் தப்பா, தண்ணி தப்பா? தண்ணின்னா சொல்லு, இன்னைக்கே இந்தாள வீட்டுக்கு அனுப்பிடுறேன். எனக்கு ஒழுங்குதான் முக்கியம்."

உத்தரவு போட்டவரை எங்கே அனுப்புவது என்று ஒழுங்கு எதுவும் சொல்லவில்லை.

பெயிண்டர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பெயிண்ட்தாங்க. நல்லா காயறதுக்குள்ள தண்ணி விடச் சொல்லிட்டேன். என் அவசரம்."

அறிவிப்புப் பலகையில் நான்கு பத்தித் தீர்ப்பு ஏறியது. 'தரமற்ற பணி' என்பதற்குக் கீழே செயலாளரே அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். வாரம் நான்கு முறை அடித்த பெயிண்டரின் போன், பிறகு நேரம் பார்க்க மட்டுமே பயன்பட்டது.

ஒருநாள் அவர் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

"மாப்ளே, இனிமே இதுல பாத்துட்டு ஊத்துங்க. ஆசிட்டைக் கொஞ்சம் குறைங்க."

தங்கை கணவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மச்சான், முதல்ல அடிச்ச பெயிண்டைக் காய விடப் பாருங்க. தண்ணி என் பொறுப்பு."

தங்கை சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போனாள். பெயிண்டரும் சிரித்துவைத்தார்.

குளத்துக்கு வேறு பெயிண்டர் வந்தார். புது நீலம், புது ரிப்பன், செயலாளரின் முக்கால் மணி நேர உரை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பெயிண்டர் தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் நீந்தும் நாள் அது. தங்கை மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து அவர் மடியில் ஏறிக் கால் நீட்டினாள். இரண்டு உள்ளங்காலும் நீலம்.

தங்கை குனிந்து பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். குரலில் குத்தல் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"இந்தப் பெயிண்டரும் உன்னை மாதிரிதான் போலிருக்குண்ணா."

"ஆமாம்மா," என்றார் அவர். பையிலிருந்த பழைய கறுப்புத் துணியை எடுத்து, குழந்தையின் காலைத் துடைக்க ஆரம்பித்தார்.