பட்டியலில் ஓர் ஆடு

இரண்டாவது முறையும் நோயாளியின் கட்டியில் ஆடு வந்து நின்றது. சதைத் துணுக்கில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று கணினி போட்டுத் தந்த பட்டியலின் முதல் வரியே செம்மறி ரோமத்தின் புரதம். நோயாளியின் சொந்தப் புரதங்கள் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தன.

"நீ என்ன, ஆட்டோட குடித்தனம் நடத்துறியா?" என்று சிரிக்காமல் கேட்டார் பயிற்சி தரும் மேடம்.

தங்கச்சிக்கு உயிரே போயிற்று. அக்கா வேலை பார்த்த ஆய்வகம் என்பதால் அங்கே எல்லாருக்கும் அவள் தங்கச்சிதான். அக்கா இறந்து ஒரு வருஷம். மேடமும் அக்காவும் ஒரே மேசையில் வேலை கற்றவர்கள். அக்கா தொட்டால் மாதிரி சுத்தமாக வரும் என்பார்கள். இவள் மூச்சு விட்டாலே கெட்டுப்போகிறது. இனி ஒரே ஒரு துணுக்குதான் மிச்சம். நோயாளியும் உயிரோடு இல்லை, மறுபடி கேட்டு வாங்க. இதுவும் பாழானால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கம்பளி எதாவது போட்டுட்டு வர்றியா?"

"இல்ல மேடம்."

பாதிப் பொய். வருவது பருத்திச் சட்டையில்தான். ஆனால் வீட்டில் தினமும் அக்காவின் சாம்பல்நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். ஆய்வகத்துக் குளிருக்காக அக்கா ஒரே நூலில் ஸ்வெட்டரும் மப்ளரும் பின்னி வைத்திருந்தாள். அவள் இறந்தபின் ஆய்வகத்திலிருந்து வந்த பெட்டியில் ஸ்வெட்டர் இருந்தது, மப்ளர் இல்லை. எத்தனை தேடியும் கிடைக்கவில்லை. ஸ்வெட்டரில் அக்காவின் வாசனை எப்போதோ போய்விட்டது. இப்போது அடிப்பது இவள் வியர்வைதான். அப்படியும் அதைக் கழற்ற இவளுக்கு மனசு வரவில்லை.

அன்று அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிந்து அலமாரிக்கு மேல் வைத்தாள்.

"அவ ஸ்வெட்டர் எங்கடி?" என்றாள் அம்மா.

"மேல வெச்சிருக்கேம்மா."

"குளிருமேடி."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

தலைக்குக் குளித்து, புதுக் கையுறை போட்டு, கடைசித் துணுக்கைத் தானே தயார் செய்து கருவியில் வைத்தாள். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழ்வரை நோயாளியின் புரதங்கள். ஆட்டைக் காணோம்.

"பொழச்ச போ," என்றார் மேடம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். இவளுக்கோ அக்கா இன்னொரு தடவை செத்த மாதிரி இருந்தது. ஒரு வரியாவது இருந்திருக்கலாம் என்று மறுபடியும் கடைசிவரை தேடினாள்.

"தண்ணியையும் பாத்துடு."

ஒவ்வொரு முறையும் சதை எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து அதே கருவியில் ஓட்டுவார்கள், வெளியிலிருந்து அழுக்கு சேர்கிறதா என்று பார்க்க. அதை மேடம்தான் தயார் செய்வார், தன் அறையில், வேறு யாரையும் தொடவிடாமல். சந்தேகம் இவள்மேலேயே விழுந்ததில் இதுவரை யாரும் பார்க்காத அந்தப் பட்டியலை இவள் திறந்தாள். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

செம்மறி ரோமம்.

இவள் திரும்பிப் பார்த்தாள். மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின்ல பழசு ஏதாவது ஒட்டியிருக்கும்."

"அப்படின்னா என்னோடதுலயும் வந்திருக்குமே மேடம்."

மேடம் வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போடப் பார்த்தார். உள்ளே சாம்பல்நிற நூல் தெரிந்தது. விரல்களுக்குத் துளை அகப்படவே இல்லை.