கறிக்கடைக்காரர் வீட்டுச் செவலை

மலையூரான பேத்துப்பாறையில் நாச்சிமுத்துவின் கோழிக்கடை எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட வழி சொல்லும். பஸ் வந்து திரும்பும் இடத்துக்கு எதிரே, பச்சைத் தகரம் போட்ட கடை. விடுதிச் சமையல்காரர்களும், தோட்டவேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களும் அவரிடம்தான் வாங்குவார்கள். கூண்டுக்குள் கையை விட்டால் எந்தக் கோழி என்று அவர் பார்க்கமாட்டார். கால் கைக்கு அகப்பட்டதும் கோழி தலைகீழாக வெளியே வந்துவிடும். இருபது வருஷத்துக்கும் மேலான பழக்கம்.

அப்படிப்பட்டவரின் வீட்டுக் கொல்லையில் மூன்று கோழிகள் சாவுபயமே இல்லாமல் திரிந்தன. செவலை, சாம்பல், புள்ளி. மூன்றும் அவர் மனைவி தமயந்தியுடையவை. மகள் நதியா கல்யாணமாகிப் பழனிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று குஞ்சிலேயே வாங்கி வளர்த்தாள். முட்டை நின்றாலும் சரி, கிழடு தட்டினாலும் சரி, இவற்றின் மேல் கத்தி படக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"கடை கடைதான், வீடு வீடுதான். நான் ஏன் தொடப்போறேன்?" என்றார் நாச்சிமுத்து.

அதைக் கோழிகள் நம்பவில்லை. அவர் படலைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மூன்றும் வேலியோரத்துக்கு ஓடும். குளித்து, வேட்டி மாற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றாலும் அதே ஓட்டம்தான். தமயந்தியின் மடியில் ஏறி உட்கார்ந்து கண் சொக்கும் செவலை, அவர் ஒரு இருமல் இருமினால் இறங்கிப் போய்விடும். இதையெல்லாம் அவர் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் மனசுக்குள் லேசாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் செவலைக்குக் காலம் தப்பி இறகு கொட்டியது. வருஷத்துக்கு ஒருமுறை கொட்டி முளைப்பது கோழிக்கு வழக்கம்தான், ஆனால் குளிருக்கு முன்னால் முளைத்துவிடும். இந்தத் தடவை மார்கழி பிறந்த பிறகும் முதுகு வெறுந்தோலாக இருந்தது. விடிகாலையில் புல்லின்மேல் உறைபனி உப்பைத் தூவினாற்போல் படிந்திருக்க, செவலை ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றது.

"உரிச்ச கோழி கணக்கா நிக்குது," என்றார் நாச்சிமுத்து.

"மொதல்ல வாயக் கழுவுங்க," என்றாள் தமயந்தி.

அவளுக்குக் கொக்கி ஊசியால் பின்னத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரி டீச்சர் சொல்லிக்கொடுத்தது. நதியாவின் மூத்த பிள்ளைக்குக் குல்லாய் பின்னியதில் மிஞ்சிய நீல உல்லன் நூல் பீரோவில் கிடந்தது. அதை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பின்னிய ஸ்வெட்டர் இறுக்கமாகிப் போயிற்று. மாட்டியதும் செவலை பின்பக்கமாகவே நாலடி நடந்தது. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு அசையாமல் படுத்துவிட்டது. செத்தே போயிற்று என்று தமயந்தி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு இருளாயி மண்வெட்டியோடு ஓடிவந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றியதுதான் தாமதம், செத்த கோழி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு புழுப் பொறுக்கப் போய்விட்டது.

தமயந்தி அத்தனையையும் பிரித்து மறுபடியும் பின்னினாள். சிறகுக்குத் தாராளமாக இரண்டு ஓட்டை, வயிற்றுப்பக்கம் திறப்பு, முதுகில் பொத்தான். அதைச் செவலை ஏற்றுக்கொண்டது. நீலச் சட்டையோடு பூசணிக்கொடி நடுவே அது நடந்து போனதைப் பார்த்து நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்ம கடைக்கும் இதே மாதிரி ஒரு முப்பது பின்னிக்குடு புள்ள."

"உங்க கடையில அதுக போட்டுப் பாக்குற வரைக்கும் உசுரோட இருக்கணும்ல?"

மார்கழி பத்தாம் தேதி வாக்கில் நதியாவிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு இது ரெண்டாவது பிரசவம். குளிரில் மலைக்கு வரவேண்டாம், தை பிறந்ததும் அம்மாவே கீழே வரட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். வலி முந்திக்கொண்டது. தமயந்தி முதல் பஸ்ஸுக்கே பையைத் தூக்கிவிட்டாள். பஸ் படியில் ஏறும்போது அவள் சொன்னதெல்லாம் செவலையைப் பற்றித்தான்.

"பொழுது சாயுறதுக்குள்ள போட்டு விட்றணும். காலைல வெயில் வந்ததும் கழட்டிறணும். மறந்துறாதீங்க, போட்டுக்கிட்டே திரிஞ்சா எதுலயாச்சும் மாட்டிக்கிரும். நனைஞ்சுபோனா உடனே கழட்டிருங்க, ஈரத்தோட கெடந்தா வெறைச்சுப் போகும். வெளங்குச்சா?"

"கோழியப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? போயிட்டு வா."

அன்று சாயங்காலம் கடையை வெள்ளனே சாத்திவிட்டு வந்தார். கோழிகள் ஓடின. அவர் துரத்தினார். பூசணிக்கொடிக்குள் செவலையை மடக்கிப் பிடித்தபோது, கை தன் பழக்கத்தில் காலைப் பற்றித் தலைகீழாகத் தூக்கிவிட்டது. செவலை தொண்டை கிழியக் கத்தியது. கடையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான் அது. ஆனால் வீட்டில், தமயந்தி கஞ்சித்தண்ணி வைக்கும் சட்டிக்குப் பக்கத்தில் அதைக் கேட்டபோது கையை விட்டுவிட்டார். செவலை பேரி மரத்தில் ஏறிக்கொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருளாயி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏண்ணே, ஊருக்கே கோழி பிடிச்சுக் குடுக்குற ஆளு. ஒங்க வீட்டுக் கோழியப் பிடிக்க முடியலயா?"

"சிரிக்காம வந்து பிடிச்சுக் குடு ஆத்தா. புண்ணியமாப் போகும்."

அவள் வந்து, பா பா என்று கூப்பிட்டு, ஒரு நொடியில் பிடித்து மாட்டிவிட்டுப் போனாள். ஆனால் தினமும் அவளை நம்ப முடியாது. பூண்டுக்குக் களை எடுக்கிற சமயம், தலைக்குமேல் சோலி கிடந்தது.

மறுநாள் நாச்சிமுத்து யோசித்தார். தமயந்தியின் பழைய கம்பளிச் சால்வை, பெரிய சிவப்புக் கட்டம் போட்டது, கொடியில் தொங்கியது. கொல்லைக்குப் போகும்போதெல்லாம் அவள் அதைத்தான் போர்த்திக்கொள்வாள். நாச்சிமுத்து அதைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் கேழ்வரகோடு மரத்தடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். புள்ளி முதலில் வந்தது. பின்னாலேயே சாம்பல். கடைசியில் செவலையும் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்து, உள்ளங்கையில் கொத்தியது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். இரண்டு கையாலும் சிறகோடு அணைத்துத் தூக்கினார். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. அதனுள்ளே இதயம் குடுகுடுவென்று ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கோழியை இப்படிப் பிடித்ததாக அவருக்கு நினைவில்லை.

பொத்தானைப் போட்டு நிமிர்ந்தால் வேலிக்கு மேலே இருளாயியின் தலை.

"அண்ணிதான் ஊர்லருந்து வந்துட்டாகளோன்னு பாத்தேன்," என்றாள், முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டுக்கொண்டு.

இப்படி நாள்கள் போயின. பழனியில் நதியாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாச்சிமுத்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

புது வருஷத்துக்கு மலை முழுக்க வண்டிகள். விடுதிகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து நிற்க, அவர் இருட்டோடு கடைக்குப் போய்விட்டார். செவலையின் ஸ்வெட்டரைக் கழற்றவேண்டும் என்பது மத்தியானம் தூறல் விழுந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கடையை அப்படியே சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

இருளாயியின் பூண்டுப் பாத்திகளின்மேல் நீல நூல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. கம்பிவேலியின் முள்ளில் ஸ்வெட்டரின் ஓரம் மாட்டி, செவலை போன இடமெல்லாம் பிரிந்துகொண்டே போயிருக்கிறது. நூல் முடிந்த இடத்தில் கோழி நின்றது. கழுத்தைச் சுற்றி ஒரு நீல வளையமும், முதுகில் தொங்கும் ஒரு பொத்தானும்தான் மிச்சம். உடம்பு நனைந்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. சால்வை இல்லாமல் அவர் பக்கத்தில் போனபோதும் ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை.

"எம் பூண்டுக்குப் பந்தல் போட்ருக்கு ஒங்க கோழி," என்று சொல்ல வந்த இருளாயி, அவர் முகத்தைப் பார்த்ததும் நூலைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்து செவலையை வீட்டுக்குள் கொண்டுபோய், துண்டால் ஒற்றி எடுத்து, அடுப்படியில் வைத்தார். கையில் வேறொன்றும் அகப்படவில்லை. தன் குரங்குக் குல்லாயை எடுத்து உச்சியை வெட்டினார், இரண்டு பக்கமும் கத்தரித்தார். உச்சி வழியாகத் தலை வந்தது, பக்கத்து ஓட்டைகளில் சிறகு வந்தது. செவலை அடுப்பருகே தவிட்டு நிறத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அதன் நடுக்கம் நின்றபோதுதான், தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் தமயந்தி வீடியோ காலில் வந்தாள். மடியில் பேத்தி.

"செவல எப்பிடி இருக்கு?"

"அதுக்கென்ன, ராசாத்தி கணக்கா இருக்கு."

"எங்க, காட்டுங்க."

அவர் தயங்கி, போனைத் திருப்பினார். தமயந்தி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து நதியாவின் குரல் வந்தது. "ஐயோ அப்பா, சிரிக்க வைக்காதீங்கப்பா, தையல் வலிக்குது!"

நடந்ததைச் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார். தமயந்தி திட்டவில்லை. "கோழி பொழச்சுக்கிருச்சுல்ல, அது போதும். நூல் பத்திரமா இருக்கா? பீரோ மேல்தட்டுல ஊசி கெடக்கு, எடுத்துட்டு வாங்க."

"நானா?"

"பின்ன, இருளாயியா? அவளுக்குக் களக்கொத்து தவிர எதுவும் பிடிக்கத் தெரியாது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொள்வார். முதல் வரிசை பின்னி முடித்தபோது குச்சிபோல் விறைத்து நின்றது.

"என்னங்க இது, கோழிக்காலக் கட்டுற மாதிரி இழுக்குறீங்க? கண்ணி மூச்சு விடணும்ங்க. விரலத் தளத்துங்க."

தளர்த்தினார். தளர்த்தினால் மீன்வலை ஆயிற்று. பிரித்தார், பின்னினார். அளவு பார்க்க ஒவ்வொரு தடவையும் செவலையை மடியில் தூக்கி வைக்கவேண்டியிருந்தது. முதலில் சால்வையோடு தூக்கினார். பிறகொரு நாள் சால்வை துவைத்துக் காயவில்லை, அது இல்லாமலே தூக்கினார். செவலை முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டு மடியில் அமர்ந்துகொண்டது. வேலை முடிந்தும் அவர் அதை இறக்கிவிடவில்லை. கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தார். சாம்பலும் புள்ளியும் மட்டும் எப்போதும்போல் வேலியோரத்தில்தான் நின்றன.

கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பின்னுவார். ஒருநாள் விடுதிச் சமையல்காரர் வேலுமணி வந்து நின்று பார்த்தார்.

"என்னண்ணே, பேத்திக்கா?"

"இல்லப்பா. வீட்டுல ஒரு கோழிக்கு."

வேலுமணி நூலைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். வெட்டுக்கட்டையைப் பார்த்தார். "ரெண்டு கிலோ. தோல் உரிச்சு," என்றார் மெதுவாக.

நாச்சிமுத்து ஊசியை வைத்துவிட்டு எழுந்தார். அதிலொன்றும் அவருக்குச் சங்கடம் இல்லை. இந்தக் கோழிகளை வெட்டித்தான் நதியாவைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். இனியும் வெட்டுவார். செவலைக்குக் குளிரும் என்பது வேறு விஷயம். இரண்டும் ஒரே மனசுக்குள் இடித்துக்கொள்ளாமல் இருந்தன.

பொங்கலுக்கு முதல்நாள் ஸ்வெட்டர் முடிந்தது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. பொத்தான் இடம் மாறி விலாப்பக்கம் வந்துவிட்டது. ஆனால் செவலை அதைப் போட்டுக்கொண்டு தவிட்டைக் கொத்தப் போயிற்று, வேறு எதையும் அது எதிர்பார்க்கவில்லை.

தமயந்தி தை கடைசியில் திரும்பி வந்தாள். பையை வாசல்படியிலேயே வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். செவலையின் முதுகில் புது இறகு அடர்த்தியாக முளைத்து வெயிலில் செம்பு மாதிரி மினுங்கியது. ஸ்வெட்டரை ஒரு வாரம் முன்பே கழற்றிவிட்டிருந்தார் நாச்சிமுத்து. கொடியில் கிடந்ததை அவள் எடுத்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்னங்க, மூணு ஓட்ட இருக்கு? எந்த ஊர்க் கோழிக்கு மூணு செறகு?"

"அது காத்து வர்றதுக்கு."

"குளிருக்குப் பின்னின துணியில காத்து வரணுமாக்கும்!" என்று சிரித்தாள். ஆனால் ஓட்டையை அடைக்கவோ பிரிக்கவோ இல்லை. மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இருவரும் கொல்லையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பேத்திக்குத் தன் அம்மாவின் மூக்கு என்று தமயந்தி சொன்னாள். இல்லை, எங்க ஆத்தா மூக்கு என்றார் அவர். பங்குனியில் குளிர் விட்டதும் நதியா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாசம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். மூத்தவன் தூங்குவதற்குக் கட்டில் ஒன்று வேண்டும், அறையில் ஜன்னல் கதவு சரியாகச் சாத்தவில்லை, அதையும் பார்க்கவேண்டும் என்று தமயந்தி அடுக்கிக்கொண்டே போக, அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கடைக்குப் போகலயா? கூட்டம் நிக்குமே."

"நிக்கட்டும். இன்னொரு வாய் காப்பி ஊத்து, குடிச்சிட்டு வெரசாப் போறேன்," என்றார் நாச்சிமுத்து.