ஆள் விழுந்தால் திருப்பும் முறை

காண்டீபன் கடலில் விழுந்தபோது படகில் அவனோடு இருந்தவள் ஷாந்தினி மட்டும்தான்.

மலேசியாவின் போர்ட்டிக்சனில், மரினா என்னும் படகுத்துறையில் நிற்கும் பணக்காரர்களின் பாய்மரப் படகுகளை ஓட்டிக் கொடுப்பது அவன் தொழில். அன்றைக்கு ஒரு படகைப் பூலாவ் பெசார் தீவுப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. "சும்மா உக்காந்து வா லா, காத்து வாங்கு" என்று மனைவியையும் கூட்டிப் போனான். தஞ்சோங் துவான் முனையைத் தாண்டியதும் காற்று சட்டென்று மாறியது. முன்பாயின் கயிற்றைச் சரிசெய்ய எழுந்து போனவனை, பெரிய பாயின் அடிக்கட்டை வீசி வந்து தண்ணீரில் தள்ளியது.

ஷாந்தினி ஓடிப்போய்ச் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தாள். அது அசையவில்லை. படகு ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் பட்ட பொத்தான்களையெல்லாம் அமுக்கினாள். காற்று நிறைந்த பாய்களோடு படகு அவனை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அவன் தூக்கிப் பிடித்திருந்த கை சின்னதாகி, பிறகு எது கை, எது அலை என்று தெரியாமல் போயிற்று. கோலா லிங்கி மீனவர்கள்தான் கடைசியில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள்.

லூபோக் சீனா தோட்டத்திலிருந்து வந்த அவளுடைய பெற்றோர், தங்களோடு வந்துவிடச் சொல்லி அழைத்தார்கள். அவள் போகவில்லை. கிளேபாங் வீட்டில் மாமியார் கஜலட்சுமி தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். காண்டீபன் ஒரே மகன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் படகில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று ஷாந்தினி காத்திருந்தாள். வருஷங்கள் போயின. இருவரும் சேர்ந்து சமைத்தார்கள், கோவிலுக்குப் போனார்கள், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

ஷாந்தினி புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமை மரினாவுக்குப் போய், காண்டீபனோடு வேலை செய்த திலீபனைத் தேடிப் பிடித்தாள்.

"அந்தச் சக்கரம் ஏன் திரும்பலன்னு எனக்குத் தெரியணும்."

"வேணாம் அண்ணி. இப்பப் போய் எதுக்கு?"

"காட்டு, திலீபன்."

அவன் அங்கே நின்ற ஒரு படகில் ஏற்றிக் காட்டினான். ஓரத்தில் இருந்த ஒரே ஒரு பொத்தான். அமுக்கியதும் சக்கரம் அவள் கைக்குள் லேசாகச் சுழன்றது. அவள் எழுந்து ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள். திலீபன் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாரமும் போனாள். லீவு கிடைத்தபோதெல்லாம் படகேறினாள். லங்காவி வரைக்கும், ஜோகூர் வரைக்கும் கூலியில்லாமல் உதவி ஆளாகப் போனாள். காற்றும் நீரோட்டமும் பழகின. ரேடியோவில் பேசப் பழகினாள், கப்பல்களின் விளக்குகளைப் படிக்கப் பழகினாள். போதுமான கடல் மைல்கள் சேர்ந்ததும், தொழிலாகப் படகோட்ட அனுமதிக்கும் ஸ்கிப்பர் சான்றிதழுக்கு எழுதிப் போட்டாள்.

பரீட்சை எடுக்க வந்தவர் கேப்டன் ரசாலி. அதிகம் பேசாத மனிதர். அவளுடைய கதை அவருக்குத் தெரியாது. திலீபன் உதவி ஆளாக வந்திருந்தான். மதியத்துக்கு மேல், தஞ்சோங் துவானுக்கு வெளியே நல்ல காற்றில் போய்க்கொண்டிருந்தபோது, கேப்டன் வாளி கட்டிய ரப்பர் மிதவை ஒன்றைச் சத்தமில்லாமல் பின்னால் எறிந்தார்.

"மேன் ஓவர்போர்ட்! ஆள் விழுந்தாச்சு!" என்றார்.

"திலீபன், மிதவையப் பாத்துக் கையை நீட்டு! கண்ணை எடுக்காத!" என்று கத்தியபடியே ஷாந்தினி படகின் மூக்கைக் காற்றுக்குள் திருப்பினாள். முன்பாய் எதிர்க்காற்றில் அடைத்துக்கொள்ள, படகு வேகம் குறைந்து நின்றது. விசிறியில் சிக்கும்படி தண்ணீரில் கயிறு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினாள். முன்பாயைச் சுருட்டினாள். மிதவைக்குக் காற்று போகும் பக்கம் இறங்கி, சுற்றி, காற்றை எதிர்த்து மெதுவாக அதனிடம் வந்தாள். கொக்கிக் கம்பு முதல் வீச்சிலேயே பிடித்துக்கொண்டது.

"பாகுஸ், நல்லாச் செஞ்சே," என்றார் கேப்டன். "இன்னொரு தடவை. இப்ப இன்ஜின் இல்லாம."

"போலே, கேப்டன். செய்யலாம்."

பாயை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் செய்தாள். மறுபடியும் தூக்கினாள். நீர் சொட்டும் மிதவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், "அதைக் கீழே வைக்கலாம்" என்று கேப்டன் சொல்ல வேண்டியிருந்தது. திலீபன் முன்பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னும் மரினாவுக்குள் போய்ப் படகைக் கட்ட வேண்டியிருந்தது.

கேப்டன் கைகுலுக்கி, தேறிவிட்டாள் என்று சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கஜலட்சுமி சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"பாஸாயிட்டேன், மாமி."

"நல்லது பிள்ளை." கிள்ளிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "ஆள் விழுந்தா தூக்குறதும் பரீட்சையில வருமாமே. திலீபன் ஒருக்கா சொன்னான்."

"வந்துச்சு. ரெண்டு தடவை செஞ்சேன்."

"எவ்வளவு நேரம் பிடிச்சது?"

பொய் சொல்லலாம் என்று ஷாந்தினி நினைத்தாள். சொல்ல வரவில்லை.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல, மாமி."

"அவன் எவ்வளவு நேரம் மெதந்தான்?"

"அதவிட ரொம்ப நேரம். கையத் தூக்கிக்கிட்டே இருந்தாரு."

"கூப்பிட்டானா?"

"கூப்பிட்டாரு. என் பேரைச் சொல்லி."

கஜலட்சுமியின் விரல்கள் நின்றன. "அம்மான்னு கூப்பிடலையா?"

"காத்துல சரியா கேக்கல, மாமி. கூப்பிட்டிருப்பாரு."

அவர் தலையை ஆட்டினார். மீன் நாறும் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இத்தனை வருஷமாக ஷாந்தினி கேட்டிராத சத்தத்தில் அழத் தொடங்கினார். ஷாந்தினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. சிறிது நேரத்தில் மாமியாரே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு. அவள் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.