தொண்ணூற்றேழில் ஏழு

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகத் துணி தேய்ப்பவள் அவள். எல்லாருக்கும் இஸ்திரியக்கா. பிரிவில் மேற்பார்வையாளர் வேலை காலியானபோது, அதற்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். சரி, அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று காலை ஷிப்ட் முடிந்த கையோடு கல்லூரிக்கு ஓட ஆரம்பித்தாள். மற்ற எல்லாப் பாடத்தையும் ஊதித் தள்ளிவிட்டாள். 'பேரியல் பொருளாதாரம்: ஓர் அறிமுகம்' மட்டும் தண்ணி காட்டியது. பெயர்தான் அறிமுகம், இரண்டு தடவை கோட் அடித்தும் அது அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது தடவையும் போனால் நான்காவது வாய்ப்பு கிடையாது என்பது கல்லூரியின் விதி.

இண்டர்னல் பரீட்சையில் நாற்பது எடுத்தால்தான் கடைசிப் பரீட்சைக்கு உள்ளே விடுவார்கள். விடைத்தாள் வந்தது. முப்பத்தெட்டு.

நாலு மார்க் கேள்வி ஒன்றில் பெரிய சுழி. வேலை பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களுமாக ஓர் ஊரில் நூறு பேர். அதில் பத்துப் பேருக்கு வேலை இல்லை. அந்தப் பத்தில் மூன்று பேர் அலுத்துப்போய், தேடுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது வேலையின்மை விகிதம் என்ன? வகுப்பே ஏழு சதவீதம் என்று எழுதி மார்க் வாங்கியிருந்தது. இவள் மட்டும் ஏழு புள்ளி இரண்டு என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டுப் பொருமினாள். கணவன் பால்கனியில் உட்கார்ந்து, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். அவன் வேலை பார்த்த காகித ஆலை மூடிய பிறகு எட்டு மாதம் அலைந்தான், ஒன்றும் தகையவில்லை. ஒன்றரை வருஷமாக மின்விசிறிதான். நல்ல மனுஷன், ஆனால் வீட்டில் ஒரு மின்விசிறியையும் நிம்மதியாக இருக்க விடமாட்டான்.

அவள் கேள்வியைப் படித்துக் காட்டியதும், "அந்த மூணு பேருக்கும் வேலை கிடைச்சிடுச்சா?" என்றான்.

"இல்லீங்க."

"அப்ப எப்படிப் பத்து ஏழாச்சு?"

"தேடினாத்தான் வேலையில்லாதவங்க. தேடறத விட்டுட்டா அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அப்ப நானு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா? அவனே சிரித்துக்கொண்டான். "பரவாயில்ல. ஆலைக்காரன் வேலையை விட்டுத்தான் எடுத்தான். நீ ஊரை விட்டே எடுத்துட்ட." சிரிப்பு பாதியில் நின்றது. திருப்புளியை எடுத்து மறுபடி மின்விசிறியின்மேல் குனிந்துகொண்டான்.

மறுநாள் வகுப்பு தொடங்கியதுமே எழுந்து நின்றாள்.

"சார், என் விடை சரி."

விரிவுரையாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். "விடைக்குறிப்பு நானே போட்டதும்மா. நூறுல ஏழு. எல்லாரும் அப்படித்தானே எழுதியிருக்காங்க?"

"எல்லாரும் தப்பு சார்."

பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ஆனாலும் அவள் உட்காரவில்லை. சனிக்கிழமைதோறும் சலவைப் பிரிவில் கிழிசல் சதவீதம் எழுதுபவள் அவள். சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்து, ஏற்கெனவே கழித்துப்போட்ட போர்வைகளைக் கிடங்கு முழுக்க ஒரு நாள் தேடி அலைந்திருக்கிறாள். பட்ட பாடு மறக்குமா?

"ஆஸ்பத்திரியில நூறு போர்வை சார். பத்து கிழிசல். அதுல மூணு ரொம்ப மோசம், கழிச்சுக் கட்டிட்டேன். மிச்சம் எத்தனை கிழிசல்?"

"ஏழு."

"அலமாரியில மொத்தம் எத்தனை போர்வை?"

"தொண்ணூத்தி..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க சார். நூறுன்னு எழுதினா, இல்லாத மூணு போர்வையை எந்த நோயாளிக்குப் போத்துவீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பினார். மேலே ஏழு, கீழே தொண்ணூற்றேழு. வகுத்தார். ஏழு புள்ளி இரண்டு. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"தேடறத விட்டவங்களை மேல எடுத்தேன், கீழ எடுக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது. நீங்க எழுதினதுதான் சரி."

"அப்ப எங்க மார்க் போயிடுமா சார்?" என்று அலறினாள் பக்கத்தில் இருந்த பெண்.

"உங்க மார்க் இருக்கட்டும். அம்மாவுக்கு நாலு சேத்து நாப்பத்திரண்டு."

கைதட்டல் வராந்தா வரை கேட்டது. பிறகு கடைசிப் பரீட்சையில் அறுபத்தொன்பது வாங்கியதும், மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் உண்மைதான். ஆனால் அவளைக் கேட்டால், ஜெயித்தது அந்த வகுப்பில்தான் என்பாள். இல்லையென்றால் அன்று சாயங்காலம் என்பாள்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால் மின்விசிறி மாட்டின இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பால்கனி காலி. அவளுக்குத் திக்கென்றது. நேற்று வாய் தவறி அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அரைமணி கழித்து வந்தான். நல்ல சட்டை, முதுகெல்லாம் வியர்வை, கக்கத்தில் பழைய சான்றிதழ் பை.

"எங்க போனீங்க?"

"மூணு கம்பெனி ஏறி இறங்கினேன்."

"ஏதாவது கிடைச்சுதா?"

"எங்க! எவனும் உக்காருன்னுகூடச் சொல்லல." செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். "நாளைக்கும் போவேன். இப்ப உன் கணக்குல நான் வருவேனா, மாட்டேனா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விடைத்தாளை எடுத்து, ஏழை அடித்து எட்டு என்றும், தொண்ணூற்றேழை அடித்துத் தொண்ணூற்றெட்டு என்றும் எழுதினாள்.

"வந்துட்டீங்க. ஊர்ல வேலையில்லாதவங்க விகிதம் ஏறிடுச்சு!" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தாள்.