இடது காதருகே ஒரு நாற்காலி

அப்பா தன் கறுப்பு அங்கியைக் கழற்றித் தம்பி நதீமின் தோளில் போட்டதும், முற்றத்தில் கூடியிருந்தவர்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். லெபனான் மலையில் எங்கள் குடும்பத்துத் தலைமை இப்படித்தான் கைமாறும். நானும் கை தட்டினேன். வலிக்க வலிக்கத் தட்டினேன்.

இருபது வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் ஊர் ஜனங்கள் குறை சொல்ல வருவார்கள். அப்பாவுக்கு வலது காது கேட்காது. இடதுபுறம், சற்றுப் பின்னால், என் நாற்காலி. வருகிறவர் யார், யாருடைய மகன், போன தேர்தலில் எந்தப் பக்கம் என்று அவர் காதில் முணுமுணுப்பேன். அவர் எழுந்து பெயர் சொல்லிக் கட்டிக்கொள்வார். "ஷேக் ஷாஹீனுக்கு என்ன ஞாபகம்!" என்று மலையே மெச்சும். நதீம் அப்போது பாரிஸில் படித்துக்கொண்டிருந்தான். என்ன படித்தான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அங்கி உனக்குத்தான், நஜ்லா" என்று அப்பா அப்போது சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த ஒரு வார்த்தைக்காக, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நதீம் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். அப்பா எதிரே ஓரத்துச் சோபாவுக்கு மாறியிருந்தார். நான் கதவோரம் பெண்களோடு நின்றேன்.

முதலில் வந்த கிழவி, "நான் உம்மு தாரிக், ஷேக்" என்றாள்.

"உங்களைத் தெரியாதா! உட்காருங்க. வீட்டுக்காரர் அபு தாரிக் எப்படி இருக்காரு?"

போன குளிர்காலத்தில் அபு தாரிக்கின் சவப்பெட்டியை அப்பாவே தோளில் சுமந்து போனார்.

"உங்கப்பா கொண்டுபோய் வச்ச எடத்துலயே இருக்காரு, ஷேக்" என்றாள் கிழவி.

என் மனம் துள்ளியது. பாவம்தான், ஆனாலும் துள்ளியது. அப்பா என்னைத் தேடிப் பார்த்தார்.

"நஜ்லா, இங்க வாம்மா."

இதோ, அங்கி எனக்குத்தான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

அப்பா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குடா முழிக்கிறே? அங்கியைக் கொடுத்தவன் இவளைக் கொடுக்காமலா விடுவேன்? அவ நாற்காலிய எடுத்து நதீம் பக்கத்துல போடுங்கப்பா."

"நல்லாச் சொன்னீங்க!" என்று கூடமே சிரித்தது. நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன்.

நதீமுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவ்வளவு நெருங்கிக் குனியத் தேவையில்லை. பழக்கதோஷம், குனிந்தேன். "மன்னிப்புக் கேளு. அப்புறம் அவங்க கையைப் பிடிச்சுக்க" என்று முணுமுணுத்தேன்.

நிமிர்ந்தபோது அப்பா தெரிந்தார். தலையை இடது பக்கம் சாய்த்து, யாருமில்லாத இடத்தில் காதை வைத்துக் காத்திருந்தார். எழுந்து அவரிடம் போய்விட வேண்டும் போலிருந்தது. அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான்.