வெளியூர்ச் சொட்டு

ஊசிக்காரர் எந்த விடுதியின் புகார்ப் புத்தகத்தில் எந்தக் குறையை எழுதிவைத்தாலும், மூன்றாம் நாள் காலைக்குள் அந்தக் குறை அங்கிருந்து கிளம்பி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். முதலில் வந்தது ஒரு சொட்டு. தையல் மெஷின் ஊசி விற்க ஊர் ஊராகப் போகிறவர், கல்யாணமான ஆறாம் மாதம், ஒரு விடுதியின் மாடியறையில் குழாய் விடியவிடியச் சொட்டியது என்று எழுதி, கீழே கையெழுத்தும் முழு விலாசமும் போட்டுவிட்டு வந்தார். அங்கே சொட்டு நின்றது. இங்கே அவர் மனைவி புதிதாக மாற்றியிருந்த சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. குழாய் ரிப்பேர்காரர் திருகிப் பார்த்துவிட்டு, "இது உங்க வீட்டுச் சொட்டு இல்லம்மா, வெளியூர்ச் சொட்டு. நான் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன் பிறகு வரிசையாக வந்தன. மின்விசிறிக்கு இருமல் வந்தது. கட்டிலுக்கு நடுவில் பள்ளம் வந்தது. எந்தப் பக்கம் படுத்தாலும் இருவரும் உருண்டு அதில்தான் போய்ச் சேர்ந்தார்கள், பிள்ளைகள் இரண்டு பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மூட்டைப்பூச்சிகள் வெகுதூரம் நடந்து வந்திருந்தபடியால் முதல் இரண்டு நாள் யாரையும் கடிக்காமல் களைப்பாறின. கண்ணாடியில் என்றைக்கோ தங்கிப்போன வக்கீல் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து தலைவாரிக்கொள்ள மனைவி பழகினாள். பிள்ளைகள் வளர்ந்ததும் வெளியூர் வேலைக்குத் தப்பித்துப் போனார்கள். இருபத்தாறாம் வருஷம் பக்கத்து அறைக் குறட்டை ஒன்று வந்தது. வீட்டில் பக்கத்து அறை என்று ஒன்று இல்லாததால் அலமாரிக்குள் குடியேறியது.

அதோடு அவள் பொறுமை தீர்ந்தது.

"எழுதாதீங்கன்னு சொல்லல. எழுதித் தொலைங்க. அந்த விலாசத்த மட்டும் போடாதீங்க."

"விலாசம் இல்லாம எழுதினா அதுக்குப் பேரு மொட்டக்கடுதாசி," என்றார் ஊசிக்காரர். "நான் அப்படிப்பட்ட ஆளா?"

"அப்ப உங்க அலமாரியோடயே குடித்தனம் பண்ணுங்க. எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனி திரும்பி வர மாட்டேன்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தார். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாரே தவிர, இனி விலாசம் போடமாட்டேன் என்று சொல்லவில்லை.

அண்ணன் ஊர் ஒரு பகலில் போய்ச் சேர்கிற தூரமில்லை. வழியில் ஒரு விடுதியில் தங்கினாள். அவள் விடுதியில் தங்குவது அதுவே முதல்முறை. குழாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. மின்விசிறி இருமவில்லை. கண்ணாடியில் அவள் ஒருத்திதான் இருந்தாள். தலையணை கல்லாக இருந்தும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

காலையில் எதிர் அறையிலிருந்து ஒருத்தி, கையில் கட்டுப்போட்ட குழந்தையோடு வெளியே வந்தாள். "மூணு நாளா ஆஸ்பத்திரி பெஞ்சுலயே உக்காந்திருந்தேங்க்கா. நேத்துதான் கண்ண மூடினேன். ஒரு குழாய்கூடச் சொட்டல, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். அது எங்க வீட்ல சொட்டுது," என்றாள் ஊசிக்காரர் மனைவி, மகன் பெரிய உத்தியோகத்தில் இருப்பதைச் சொல்லும் தோரணையில்.

விடுதிக் கணக்கப்பிள்ளை பதிவேட்டில் அவள் விலாசத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஊசிக்காரர் வீட்டம்மாவா! நேத்தே சொல்லக் கூடாதா?" அறைக்கதவுகள் திறந்தன. நன்றாகத் தூங்கி எழுந்த முகங்கள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். பழுப்பேறிய முதல் பக்கத்தில் அந்த மாடியறைக் குழாய் இருந்தது. கீழே அவர் கையெழுத்து, தன் வீட்டு விலாசம். கயிற்றில் தொங்கிய பென்சிலை எடுத்து ஏதோ எழுதினாள். பிறகு சாலையைத் தாண்டி, வந்த வழிக்கே திரும்பும் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் ஊசிக்காரர் சொட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க. இம்மாத்தூண்டு பாத்திரம் எப்படிப் பத்தும்?" என்று பெரியதை நகர்த்தி வைத்தாள். "அங்க தலகாணி கல்லு மாதிரி இருக்கு. எழுதிட்டு வந்திருக்கேன்."

அவர் மெதுவாகக் கேட்டார். "விலாசம்?"

"பின்ன? நான் என்ன மொட்டக்கடுதாசி எழுதுறவளா?"

மூன்றாம் நாள் காலை தலையணை வந்து சேர்ந்திருந்தது. அவள் அதைத் தட்டிப் பார்த்து, நல்ல உறையாக ஒன்று மாட்டி, தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.